உரைகல்லில் இழுத்த அமெரிக்கக் காசு

பிள்ளைகளே, பழைய அமெரிக்கத் தங்கக் காசு சேர்ப்பது எனக்குப் பழக்கம். மூன்றாவது காசை மட்டாஞ்சேரியில் ஒரு பழம்பொருள் கடையில் வாங்கினேன். ஒரு பக்கம் கழுகு, மறுபக்கம் ஒரு பெண்ணின் தலை. போலியாக இருக்குமோ என்ற பயத்தில் தெருமுனைத் தட்டானிடம், "பார்த்துச் சொல்லுங்க" என்று நீட்டினேன். அவர் நகையைச் சோதிப்பதுபோலவே அதன் விளிம்பை உரைகல்லில் ஒரு இழு இழுத்துவிட்டார்.

"கொஞ்சம் செம்பு கலந்திருக்கு. ஆனா தங்கம்தான் சேட்டா."

"கீறல் விழுந்துருச்சே."

"உருக்கினா கீறல் எங்கே இருக்கும்?" என்று சிரித்தார்.

கீறிய காசை, காசு சேர்ப்பவர்கள் மதிப்பதில்லை. அவர்மேல் கோபம் வரவில்லை. தேய்க்காதீர்கள் என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். மதிப்பிழந்த காசோடு அன்று வீட்டுக்கு நடப்பதே பெரிய வேலையாக இருந்தது.