கடலைப் பார்த்த வீடு

மழையில் நனைந்த புத்தகங்களைக் கல்முனைக் கடைக்காரர் ஒருவர் இன்று வெயிலில் பரப்பியிருந்தார். அந்த ஈரக் காகித வாசம் பட்டதும், என் அக்கா, ராத்தாவின் வீட்டுக்குள் நின்றேன்.

கலியாணத்துக்கு முன்பே பெண்பிள்ளைக்கு வீடு கட்டுவது எங்கள் ஊர் வழக்கம். வாப்பா ராத்தாவுக்குக் கட்டிய வீடு, பூசாத சுவரோடு, ஜன்னல் போடாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வரும்வரை அதில் புத்தகங்களைக் குவித்து வாசித்தாள். எல்லாம் காலத்தைத் தாண்டிப் பயணிக்கிற கதைகள். உப்புக் காற்றில் தாள்கள் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் மணல் உதிரும், அலைச் சத்தம் அறைக்குள் ஏறி வருவதுபோல வரிகளுக்கு நடுவே புகுந்துகொண்டேயிருக்கும். வருங்காலக் கதையை, இறைவன் நாடினால் என்று “இன்ஷா அல்லாஹ்” சொல்லித்தான் திறப்பாள். நடந்ததை மாற்றும் கதைகளைக் கண்டால் உம்மா ஏசுவார்: “இப்படிச் செஞ்சிருந்தா எண்டு நினைக்கப்படாது புள்ள, அது ஷைத்தானுக்கு வழி விடுற வேலை.”

சுனாமி ராத்தாவையும் வீட்டையும் ஒன்றாகக் கொண்டுபோனது.

உம்மா ஏசிய அந்தக் கதைகளைத்தான் நான் இன்னும் வாசிக்கிறேன். ஒவ்வொரு முறையும், அந்த வீடு கட்ட வாப்பா வளவு நிலம் வாங்குவதற்கு முந்திய நாளுக்குப் போய் நிற்கிறேன்.

“வளவு எங்க வாங்குவம் மகள், ஊருக்குள்ளயா, கடற்கரையிலயா?” என்று வாப்பா கேட்கிறார். நான் வாய் திறக்குமுன் ராத்தா சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறாள்:

“கடற்கரைதான் வாப்பா. வாசிக்க நல்ல காத்து வரும்.”