கழல மறுத்த டிஸ்க்

என் கணவர் எந்த வேலையையும் போனில் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், பிறந்ததிலிருந்து அதையே செய்து வருகிறவர் மாதிரி ஆகிவிடுவார். அப்படித்தான் மிக்ஸியைப் பிரித்தார். அது இன்னும் பிரிந்தபடியேதான் இருக்கிறது. அதனால் என் காரில் சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்கும் பிரேக் டிஸ்க்கை வீட்டிலேயே கழற்றி மாற்றிவிடலாம் என்று அவர் சொன்னபோது நான் அந்த மிக்ஸியைத்தான் திரும்பிப் பார்த்தேன். ஆனால் வேறு வழியும் இல்லை.

புளியும் சாமையும் ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து கீழே போய் விற்றுவிட்டு வருவது என் தொழில். கார் அதற்காகவே வாங்கியது. முன்சக்கரத்தில் பிரேக் பேடு தேய்ந்து, இரும்போடு இரும்பு உரசி, வளைவுக்கு வளைவு வண்டி கத்த ஆரம்பித்திருந்தது. திருப்பத்தூர் மெக்கானிக்குக்கு போன் போட்டால், "வண்டியக் கொண்டாங்க, பாத்துக்கலாம்" என்றார். பிரேக் பிடிக்காத வண்டியை மலையிலிருந்து எப்படி இறக்குவது என்று கேட்டேன். "மெதுவா வாங்க" என்றார். தம்பி பைக்கில் போய்ப் புது டிஸ்க்கும் பேடும் வாங்கி வந்தான்.

இத்தனை அவசரத்துக்கும் காரணம் அப்பா. மறுநாள் காலை வேலூரில் அவருக்குக் கண் ஆபரேஷன். இரண்டு கண்ணிலும் புரை. ஏற்கெனவே இரண்டு தடவை தேதி வாங்கி, இரண்டு தடவையும் டிமிக்கி கொடுத்துவிட்டார். முதல் தடவை மாட்டுக்குக் காய்ச்சல் என்றார். மாடு வைக்கோலை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. அடுத்த தடவை ஊரில் சாவு என்றார். செத்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இனியும் தள்ளிப்போட்டால் பார்வை எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்திருந்தார். ஜீப்பில் இடுப்பு போய்விடும், பஸ்ஸில் வாந்தி வரும், காராக இருந்தால் வருகிறேன் என்று அப்பா தன் மாப்பிள்ளை எதிரில் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். கார் நகரவில்லையென்றால் இந்த முறையும் தப்பித்துவிடுவார். அப்புறம் அவரைப் பிடிக்க முடியாது.

அவருக்குக் கண் தெரிகிறது என்பதற்கு அவரே ஒரு அத்தாட்சி வைத்திருந்தார். என் காரில் முன்சீட்டு அவருடையது. "வளைவு வருது, ஆரன் அடி", "லெஃப்ட்ல பள்ளம் கீது, பாத்துப் போ" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வருவார். எரிச்சலில், நீயே ஓட்டேன்ப்பா என்று ஸ்டியரிங்கை விட்டுவிடலாமா என்று தோன்றும். ஆபரேஷன் பேச்சை எடுத்தாலோ, "கண்ணு தெரியாமயா உனக்கு ரோடு காட்டிக்கினு வர்றேன்?" என்பார்.

அன்று மதியம் பலா மரத்தடியில் வண்டியை ஜாக்கியில் ஏற்றினோம். டயரைக் கழற்றியாயிற்று. பேடு மாட்டும் காலிப்பரையும் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டாயிற்று. வீடியோவில் ஒரு ஆள் டிஸ்க்கை இரண்டு தட்டுத் தட்டினார். தோசைக் கல்லிலிருந்து தோசை மாதிரி அது கையோடு வந்தது. எங்கள் டிஸ்க் செம்மண்ணும் துருவும் அப்பிக்கொண்டு அசையாமல் நின்றது.

"துரு புடிச்சு ஒட்டிக்கிச்சு மச்சான். நாலு தட்டு தட்டினா வந்துரும்" என்றார் என் கணவர்.

நாலு தட்டு நானூறு ஆனது. அவர் அடித்தார். தம்பி அடித்தான். டீசல் ஊற்றிவிட்டு அடித்தார்கள். இரண்டு பேரும் மாறி மாறி அடுத்தவர் அடிப்பதில் குறை கண்டுபிடித்தார்கள்.

"மாமா, நீங்க அடிக்கிறது அதுக்குத் தாலாட்டு மாதிரி கீது."

"நீ அடிச்சா மட்டும் இன்னா, அது வணக்கம் சொல்லிட்டு வந்துச்சா?"

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அப்பா ஒவ்வொரு அடியையும் ரசித்துக்கொண்டிருந்தார். டிஸ்க் வராத ஒவ்வொரு நிமிடமும் அவருடைய முகம் தெளிந்துகொண்டே வந்தது. பொழுது சாய ஆரம்பித்ததும் கிண்டலே பிறந்துவிட்டது.

"புளி கரைச்சு ஊத்திப் பாருங்க மாப்ள. பித்தளைக் குண்டானுக்கே அது போதும், இது எம்மாத்திரம். நம்ம வூட்டுல புளிக்கா பஞ்சம்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விறுவிறுவென்று உள்ளே போனேன். ஒரு உருண்டை புளியும் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் எடுத்து வந்து, டிஸ்க்கின் எதிரில் குந்தி, அவரைப் பார்த்துக்கொண்டே தேய்க்க ஆரம்பித்தேன். கார்த்திகைக்கு விளக்குத் தேய்க்கிற மும்முரத்தில் தேய்த்தேன். தம்பி கைதட்டினான். அப்பா சத்தம் போட்டுச் சிரித்தார்.

மண் கரைந்து வழிந்தது. அடியில் துரு வரும் என்று பார்த்தால் நீலம் வந்தது. பளீரென்ற நீலம். இன்னும் அழுத்தித் தேய்த்தேன். நீலம் ஓரிடத்தில் ஏடாக உரிந்து, உள்ளே ஒரு பள்ளமும் அதில் ஒரு கூட்டல் குறியும் தெரிந்தன. எதிர்ப்பக்கம் தேய்த்தேன். அங்கேயும் ஒன்று.

"ஏங்க, இது இன்னா?"

என் கணவர் குனிந்து பார்த்தார். மதியத்திலிருந்து அடித்த சுத்தியலை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஸ்க்ரூ" என்றார். "டிஸ்க்கை ஸ்க்ரூ போட்டு வெச்சிருக்கான்."

பெயிண்ட் மூடியிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. ஸ்க்ரூ போட்டு இறுக்கிய சாமானைத்தான் இரண்டு ஆண்பிள்ளைகள் அத்தனை நேரம் போட்டு அடித்திருக்கிறார்கள். நான் வாயைத் திறக்கப்போனேன். ஆனால் அந்த நீலம் என்னைத் தடுத்தது. அதை எங்கேயோ பார்த்திருந்தேன்.

மாட்டுப் பொங்கலன்று அப்பா கொம்புக்கு அடித்த பெயிண்ட். அன்று ஒரு மாட்டுக்குக் காதும் நீலமாகிவிட்டது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம், தம்பி படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தான். "அதுக்குக் கம்மல் போட்டுருக்கேன்" என்று அப்பாவும் எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

"இதுக்கும் நீதான் பெயிண்ட் அடிச்சியாப்பா?"

"ஆமா. மாட்டுக்குக் கொம்புல அடிச்ச கையோட வண்டிக்கும் அடிச்சேன். அதுவும் நமக்கு ஒழைக்கறதுதானே. சக்கரத்து நடுவுல ஒரு வட்டம் போட்டேன். அழகா இருந்துச்சு."

"அன்னிக்கு அங்க சக்கரமே இல்லியேப்பா" என்றான் தம்பி. "பஞ்சர் ஒட்ட நான் கழட்டிக்கினு போய்ட்டேன். வண்டி கல்லு மேல நின்னுக்கினு இருந்துச்சு. ராத்திரி இருட்டுலதான் வந்து மாட்டினேன்."

அவன் யோசிக்காமல் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான், சக்கரம் இல்லாததே அப்பாவுக்குத் தெரியவில்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் உறைத்தது. அப்பாவின் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்று, அப்புறம் போனது.

பேச்சை மாற்றத் தெரியாத என் கணவர் ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டித் திருகினார். ஒரு ஸ்க்ரூ வந்தது. அடுத்ததும் முரண்டு பிடித்துவிட்டு வந்தது. பின்பக்கமாக இரண்டு தட்டு, டிஸ்க் கழன்று மண்ணில் விழுந்தது. மதியத்திலிருந்து அதற்காகத் தவம் கிடந்தவர்கள் ஒருவரும் கைதட்டவில்லை.

அப்பா எழுந்து வந்து அதைத் தூக்கிப் பார்த்தார். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு விரலால் தடவிப் பார்த்தார்.

"அந்த மாட்டுக் காது" என்றார் என்னிடம், மெதுவாக. "நீங்க சிரிச்சதும் சும்மா கூடச் சேந்து சிரிச்சிட்டேன். நெசமாவே காதுல பட்டுச்சா?"

"கொஞ்சமாப் பட்டுச்சுப்பா" என்றேன். காது முழுக்க நீலம். அன்று எல்லோரையும்விட அதிகம் சிரித்தவள் நான்தான். அவர் காட்டிக்கொண்டு வந்த ரோட்டில் ஒரு வளைவைக்கூட அவர் பார்த்ததில்லை, எல்லாம் பல வருஷத்து மனப்பாடம்.

புது டிஸ்க்கை மாட்டி, பேடு போட்டு, டயரைப் பூட்டினார்கள். நான் வண்டியை வாசலிலேயே முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தேன். பிரேக் கத்தாமல் பிடித்தது. இறங்கி வந்தபோது அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"காலையில எத்தினி மணிக்குக் கெளம்பணும்?"

"அஞ்சுக்கு."

"போகும்போது நான் பின்னாடி உக்காந்துக்கறேன், நீ பாட்டுக்கு ஓட்டு" என்றார். "வரும்போது முன்னாடி உக்கார்றேன்."