ஓடுங்க அண்ணாச்சி!

வேல்ராஜ் அண்ணனுக்கு மெதுவாகப் பேச வராது. மேலகரத்தில் எங்கள் தெருக்கோடியில் நின்று அவர் யாரிடமாவது ரகசியம் சொன்னால், நான் அடுப்படியில் இருந்தபடியே பதில் சொல்லிவிடலாம். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பதினாறு வயதிலிருந்து குற்றாலத்தில் எண்ணெய் மசாஜ் செய்கிறவர். அருவி இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தித் தொண்டை அப்படியே பழகிவிட்டது. இப்போது வயது முப்பத்து நாலு.

அருவிக்கரையில் எண்ணெய் கூடாது என்று ஆன பிறகு, ஐந்தருவி ரோட்டில் ஒரு லாட்ஜுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார். ஆளைப் பலகையில் குப்புறப் போட்டு, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை தேய்ப்பார். எங்கே வலிக்கிறது என்று கேட்க மாட்டார். கட்டைவிரலே தேடிக் கண்டுபிடித்துவிடும். விரல் விரலாக நெட்டி எடுப்பார். கடலைமாவு போட்டு எண்ணெயை அலசிவிடுவார். கடைசியில் முதுகில் இரண்டு கையாலும் பட்பட்டென்று தட்டி ஒரு சத்தம் போடுவார் பாருங்கள்: "எந்திரிங்க! ஓடுங்க அண்ணாச்சி! சூடு ஆறுமுன்ன தண்ணியில போயி நில்லுங்க!"

ஆள் எழுந்து ஓட வேண்டும். நடந்து போனால் அண்ணனுக்குக் கோபம் வரும். பாதி மசாஜ் தன் கை, மீதி மசாஜ் அருவி என்பது அவர் கட்சி. பாங்க் மேனேஜர், காலேஜ் வாத்தியார், தொந்தியும் தொப்பையுமாக எத்தனையோ பெரிய மனிதர்கள் இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு ஐந்தருவி ரோட்டில் ஓடியதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்த மனுஷன் மேல் உயிரையே வைத்திருந்தாள் இசக்கிச்செல்வி. என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள், இப்போது தென்காசியில் போலீஸ். அவள் அப்பா விஸ்வநாதன் மாமா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ரிசப்ஷனில் வேலை பார்க்கும் ரிசார்ட்டில்தான் அவர் வாசல் செக்யூரிட்டி. நாலு வருஷமாக அவருடைய வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. முதலாளிக்கு சல்யூட் வைக்க வேண்டுமென்றால் கையைப் பாதி தூக்கி, மீதிக்குத் தலையைக் குனிந்து கைக்குக் கொடுப்பார். பார்த்தால் சிரிப்பு வரும். எனக்கும் வந்திருக்கிறது, அல்லாஹ் மன்னிக்கட்டும்.

வேல்ராஜ் அண்ணன் வீட்டிலிருந்து பெண் கேட்டுப் போனபோது மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சீசன் மூணு மாசம். மிச்சம் ஒம்பது மாசம் என்னலே செய்வே?"

"ரம்புட்டான் விப்பேன். பெயிண்ட் அடிப்பேன்" என்று அண்ணன் உண்மையைச் சொன்னார், அதுவும் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி.

"வருசம் பூரா ஒரே வேலையில இருக்கவனுக்குத்தான் எம் பிள்ளை" என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார் மாமா.

"நான்தான் சம்பளம் வாங்குதேன்லா, அப்பாவுக்கு இன்னும் என்னட்டி வேணும்?" என்று இசக்கி என் மடியில் விழுந்து அழுதாள். அப்பா சம்மதம் இல்லாமல் தாலி கட்டிக்கொள்ளவும் மாட்டாள். போதாததற்கு, அச்சன்புதூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்த வாரம்தான் எங்கள் முதலாளிக்கு ஸ்பா ஆசை வந்தது. துல்கர்னைன் காக்கா, எங்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன், இருபது வருஷம் சார்ஜாவில் இருந்துவிட்டு வந்து ரிசார்ட் கட்டியவர். மினுமினுவென்று ஒரு அட்டையை அச்சடித்துக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். ஸ்வீடிஷ் மசாஜ், தாய்லாந்து மசாஜ், டீப் டிஷ்யூ, ஹாட் ஸ்டோன், சிரோதாரா என்று அட்டை நிறைய இருந்தது. வருஷம் முழுக்க நிரந்தர வேலை, கை சுத்தமான ஆள் வேண்டும் என்றார். நான் விடுவேனா? "ஆளு நம்ம தெருவிலேயே இருக்கு காக்கா" என்று முந்திக்கொண்டேன். வியாழக்கிழமை ட்ரையல் என்று முடிவானது.

தினமும் வேலை முடிந்து போய் அண்ணனுக்கு அந்த அட்டையைப் படித்துக் காட்டினேன். மனுஷன் கேட்டால்தானே!

"கல்லைச் சுட வச்சி முதுகுல அடுக்கணுமா? சித்திரை மாசம் பாறையில படுத்தாப் போதாதா?"

"அண்ணே, வாயை மூடிட்டுக் கேளுங்க."

"சரி, டீப் டிஷ்யூன்னா என்ன?"

"கட்டைவிரலால ஆழமா அழுத்துதது."

"அட, அதைத்தானம்மா பதினெட்டு வருசமாச் செய்யுதேன், பேரு தெரியாம! தாய்லாந்துக்காரன் என்ன செய்யுதான்?"

"கையையும் காலையும் பிடிச்சு இழுத்து வளைப்பானாம்."

"நெட்டி!" என்று அவர் போட்ட சத்தத்தில் என் கையிலிருந்து அட்டையே விழுந்துவிட்டது.

சிரோதாரா மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. நெற்றியில் எண்ணெயை மெல்ல ஒழுகவிட்டுக்கொண்டு அரை மணி நேரம் எந்த மனுஷன் சும்மா நிற்பான் என்று கேட்டார். மற்றபடி கையில் ஒரு குறையும் இல்லை. பரீட்சைக்கு என் வீட்டுக்காரர் முதுகைக் கொடுத்துப் பார்த்தேன். பத்தே நிமிஷத்தில் குறட்டை விட்டார். சங்கடம் வாயில்தான். ஸ்பாவில் புல்லாங்குழல் ஓடும், காதோடு காதாகத்தான் பேச வேண்டும். "அழுத்தம் போதுமா சார்" என்ற மூன்று சொல்லை மெதுவாகச் சொல்ல வைப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. புதன்கிழமை ராத்திரிதான் பக்கத்து வீட்டு நாய் குரைக்காத அளவுக்குச் சொன்னார்.

வியாழக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். முதலில் காக்காவே மேஜையில் படுத்தார். அவருக்குக் கூச்சம் அதிகம் என்பது யாருக்குத் தெரியும்? அண்ணனின் விரல் விலாவில் பட்டதோ இல்லையோ, காக்கா கெக்கெக்கே என்று சிரித்து உருண்டு கீழே விழப் பார்த்தார். "எனக்கு இது ஒத்துவராதும்மா, வேற யாரையாவது படுக்க வை" என்று வெளியே வந்து சுற்றுமுற்றும் பார்த்தார். வாசலில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார் விஸ்வநாதன் மாமா.

மாமா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார். "எனக்கு ட்யூட்டி இருக்கு சார்" என்றார் மாமா.

"இப்ப இதுதான் ட்யூட்டி" என்றார் காக்கா. உத்தரவு என்றால் உத்தரவு. மாமா சட்டையைக் கழற்றி, துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நானும் காக்காவும் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றோம். முதலில் "ஏலே, மெள்ள" என்று ஒரு உறுமல் கேட்டது. பிறகு "அங்கனதான், அங்கனதான்" என்று ஒரு முனகல். பிறகு குறட்டை. அதற்கு நடுவே "அழுத்தம் போதுமா சார்" என்று அண்ணன் குழைவாகக் கேட்டதும் காக்கா என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். உடனே இசக்கிக்குச் சொல்ல போனை எடுத்தேன்.

பட்பட்!

"எந்திரிங்க! ஓடுங்க அண்ணாச்சி! சூடு ஆறுமுன்ன தண்ணியில போயி நில்லுங்க!"

பாவி மனுஷன்! ஒரு வாரம் நான் பட்ட பாடு ஒரே நொடியில் போச்சு. கை வேலையை முடித்ததும் வாய் பழைய வழக்கத்துக்குப் போய்விட்டது. மாமாவுக்கோ ஆழ்ந்த தூக்கம். பட்டாளத்தில் 'ஓடு' என்றால் ஏன் எதற்கு என்று கேட்காமல் ஓடிப் பழகிய உடம்பு. கதவு படாரென்று திறந்தது. உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க, இடுப்பில் துண்டு மட்டும் இருக்க, மாமா ரிசப்ஷன் வழியாகப் பறந்தார். அப்போதுதான் மதுரையிலிருந்து வந்து இறங்கிய ஒரு குடும்பம் பெட்டிகளோடு சுவரோரம் ஒதுங்கியது. ரிசப்ஷன் நடுவில் காக்கா ஆசை ஆசையாகக் கட்டிய சிமெண்ட் அருவி ஒன்று உண்டு. எட்டடி உயரம், கீழே தொட்டியில் கலர் மீன்கள். மாமா அதில் இறங்கி நின்றார்.

"யா அல்லாஹ், என் மீனு!" என்று காக்கா அலறினார்.

தலையில் தண்ணீர் விழுந்த பிறகுதான் மாமாவுக்கு முழிப்பு வந்தது. எங்களைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். பின்னாலேயே ஓடி வந்த அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. வேலையும் போச்சு, பெண்ணும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு வலது கையை ஓங்கினார். அண்ணன் இரண்டு கன்னத்தையும் பொத்திக்கொண்டார்.

கை மேலே போனது. தோளைத் தாண்டியது. காதைத் தாண்டியது. மாமா அண்ணனை மறந்துவிட்டு அந்தக் கையையே அண்ணாந்து பார்த்தார். இறக்கினார், மறுபடி தூக்கினார். பிறகு தொட்டிக்குள் நின்றபடியே, தலை ஒரு நூல்கூடக் குனியாமல், காக்காவுக்கு ஒரு சல்யூட் அடித்தார் பாருங்கள், காக்கா மீனை மறந்து பதிலுக்கு சல்யூட் வைத்துவிட்டார். மதுரைக்காரர்கள் கைதட்டினார்கள். அந்த வீட்டம்மா நேராக என்னிடம் வந்து, "அந்த ஓடுற மசாஜுக்கு எங்க வீட்டுக்காரர் பேரையும் எழுதிக்கோங்க" என்றார்.

காக்கா அதைக் கேட்டுவிட்டார். "வேல்ராஜ், நாளைக்கே வேலைக்கு வந்துரு. மீனை நான் வேற தொட்டிக்கு மாத்திக்கிடுதேன்" என்றார்.

மாமா தொட்டியை விட்டு ஏறவில்லை. "ஏலே, இங்க வா" என்று அண்ணனைக் கூப்பிட்டார். "ஒம்பது மாசம் என்ன செய்வேன்னு கேட்டேம்லா? வேலை கிடைச்சிட்டு. இந்த வேலை நாளைக்கே போனாலும் எனக்கு இடது தோள் இருக்கு, இடுப்பு இருக்கு, முட்டி ரெண்டு இருக்கு. காணுமாலே, போதுமா?"

"காணும் அண்ணாச்சி!" ரிசார்ட் முழுக்கக் கேட்டது.

மாமா முறைத்தார். "நான் அண்ணாச்சின்னா எம் பிள்ளை உனக்கு என்னலே முறை? மக முறைல்லா ஆவும்? யோசிச்சுக் கூப்பிட மாட்டியா?"

அண்ணனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் இரண்டு காதும் சிவந்துவிட்டன. பிறகு நான் பழக்கியதைவிட மெதுவாக, பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டும் கேளாமலும் சொன்னார்.

"காணும் மாமா."

'அமைதி காக்கவும்' என்று நானே எழுதி ஒட்டிய அட்டைக்குக் கீழே நின்று, இசக்கிக்கு போனைப் போட்டு, அவள் 'ஹலோ' சொல்வதற்குள் நான் குலவை போட்டுவிட்டேன்.