கடைசித் தொட்டியில் ஒன்றுமில்லை

அப்பாவுக்கு மீன் காட்சியகத்தில் வேலை என்று சொன்னால் எல்லோரும் உடனே சுறாவைப் பற்றிக் கேட்பார்கள். அப்பாவின் பொறுப்பில் இருந்தது கழிப்பறைக்குப் போகும் வழியில் இருந்த கடைசித் தொட்டி. அதில் மணல், இரண்டு கல், கவிழ்ந்து கிடக்கும் ஒரு சிப்பி ஓடு, ஓர் உளுவை மீன். விரல் நீளம், மணல் நிறம். நீந்துவதில் அதற்குப் பெரிய ஆர்வம் கிடையாது. அடியிலேயே வயிற்றை வைத்துக் கிடக்கும். கடலோரம் முழங்கால் தண்ணீரில் நடந்தவர்கள் எல்லோரும் அதைத் தாண்டித்தான் போயிருப்பார்கள். பார்த்தவர்கள் குறைவு.

இந்த மீனுக்கு வக்காலத்து வாங்குவதுதான் அப்பாவின் உத்தியோகம். "காலித் தொட்டி" என்று யாராவது முணுமுணுத்தால் போதும், வழிமறித்துவிடுவார்.

"நல்லா பாருங்க. அந்தக் கல்லுக்கு இடது பக்கம். ரெண்டு கண்ணு தெரியுதா?"

தெரியாதவர்களும் தெரிகிறது என்று ஒப்புக்கொண்டு போவார்கள். கழிப்பறை அவசரம் அப்படி.

உளுவைக்கு ஆயுசு குறைவு. ஒன்று போனால் இன்னொன்று வரும். அப்பாவின் பக்தியில் மட்டும் மாற்றம் இருக்காது. நான் பிறந்த அன்று அம்மா ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்தாள். அப்பா தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். அம்மா அதை இன்றுவரை விடவில்லை. "உங்கப்பாவுக்கு மூத்த பிள்ளை அந்த மீனுதான்டி, நீ ரெண்டாவது" என்பாள். எனக்கும் கோபம்தான். என் பள்ளிக்கூட விழா ஒன்றுக்குக்கூட அவர் எட்டிப் பார்த்ததில்லை.

நான் நிறைமாதமாக இருந்தபோது தொட்டியிலும் விசேஷம். அப்பா கடலிலிருந்து ஒரு பெண் உளுவையைக் கொண்டுவந்து விட்டிருந்தார். அது சிப்பி ஓட்டின் உட்பக்கம் முட்டைகளை ஒட்டிவைத்தது. அதோடு அதன் வேலை முடிந்தது என்று அப்பா அதைத் திரும்பக் கடலில் விட்டுவிட்டார். இனி எல்லாம் ஆண் மீனின் பாடு. அது ஓட்டின் மேல் மணலை வாரிப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளேயே இருந்து துடுப்பால் முட்டைகளுக்கு ஓயாமல் விசிறும். விசிறாவிட்டால் முட்டை கெட்டுவிடும். யாராவது ஓட்டைப் புரட்டினால் அரண்டுபோய்த் தன் முட்டையைத் தானே தின்றுவிடவும் கூடும்.

சாப்பிடும்போது அப்பா இதைச் சொன்னார்.

"பரவாயில்லையே, மீனுக்காவது தெரியுது" என்று அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அந்த நேரம் பார்த்துக் காட்சியகத்துக்குப் புது மேலாளர் வந்து சேர்ந்தார். கடைசித் தொட்டியை எடுத்துவிட்டு வண்ண மீன் வைப்பது அவர் திட்டம். அப்பா கெஞ்சிக் கூத்தாடியதில், "மீன் இருந்தா காட்டுங்க, தொட்டி இருக்கட்டும்" என்று இறங்கி வந்தார். நேரிலும் வந்து நின்றார். உளுவை தலைகாட்டவே இல்லை. அங்கே நடந்ததை டிக்கெட் கிழிக்கும் அக்கா பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

"அந்த ஓட்டுக்கு அடியில இருக்கா?" என்று கேட்டபடி மேலாளர் நீளக் குச்சியை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டார்.

புரட்டினால் மீன் தெரியும், தொட்டி பிழைக்கும். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் சார். அதுல ஒண்ணுமில்ல. மீன் செத்துப் போச்சு."

"எப்போ?"

"அது ஆச்சு சார், ரொம்ப நாள்."

"அப்போ வர்றவங்ககிட்ட இத்தனை நாளா எதைக் காட்டிக்கிட்டிருந்தீங்க?"

அப்பா குச்சியை வாங்கி ஓரமாக வைத்தார். ஆயுள் முழுக்க உண்மையைச் சொல்லியும் ஒருவரும் நம்பவில்லை. ஒரு பொய் சொன்னார், உடனே நம்பிவிட்டார்கள். வார முடிவில் அப்பாவே தொட்டியைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. அது முடிந்ததும், காலித் தொட்டியைக் காட்டி ஏமாற்றியவர் என்ற பெயரோடு அப்பாவை வண்டி நிறுத்துமிடத்துக்கு மாற்றினார்கள்.

காலி செய்வதற்குள் முட்டைகள் பொரிந்துவிட்டன. குஞ்சுகள் தூசி மாதிரி இருந்தனவாம். அப்பா தொட்டித் தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்து கடலில் ஊற்றினார். கடைசி வாளியில் தகப்பன் மீன் போனது. வெறும் தண்ணீரை எதற்கு இந்த மனிதர் இப்படிச் சுமக்கிறார் என்று கூட வேலை பார்த்தவர்கள் சிரித்தார்களாம்.

மறுநாள் எனக்கு வலி எடுத்தது. வண்டி நிறுத்துமிடத்தில் அவரை யாரும் தேடப் போவதில்லை என்பதால் அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். அந்த மேலாளருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும், வயிற்றெரிச்சலோடுதான் சொல்வேன். எனக்குப் பெண் குழந்தை. அப்பா கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்த காட்சியகத்துத் துண்டுப் பிரசுரத்தை மடித்துக் குழந்தைக்கு விசிற ஆரம்பித்தார்.

"அப்பா, ஏசி ஓடுது."

"ஓடட்டும்மா."

அவர் நிறுத்தவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனிதரிடம் கோபித்துக்கொள்ள இன்னும் எவ்வளவோ பாக்கி இருந்தது. குழந்தையைக் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினேன். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நாற்காலியோடு நகர்ந்து அவர் பக்கத்தில் வந்தாள்.

"இந்தப் பக்கமும் கொஞ்சம் வீசுங்க" என்றாள்.