மூட்டை பிரிக்காத மாமா

மேரக்காய்க் கொடியை வேரோடு பிடுங்கினால் பெரிதாகச் சத்தம் எதுவும் வராது. ஈரமண் பொதுக்கென்று விட்டுக்கொடுக்கும், அவ்வளவுதான். குந்தாப் பக்கம், எங்கள் தேயிலை எஸ்டேட்டின் லைன் வீடுகளில், பனி விலகாத ஒரு காலையில், என் தாய்மாமா அப்படியொரு கொடியைப் பிடுங்கியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நட்டவர் அவர் மனைவி, என் அத்தை. கக்கூசுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலையில் நட்டு, பழைய கம்பி ஒன்றில் ஏற்றிவிட்டிருந்தார். கடையில் சௌசௌ என்று விற்கிற அந்தக் காய் பிஞ்சு பிடித்திருந்தது. மாமா கொடியைச் சுருட்டிப் பள்ளத்தில் எறிந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து தேத்தண்ணி கேட்டார். அத்தையும் ஊற்றிக் கொடுத்தார். பிடுங்கியதைக்கூட விட்டுவிடலாம், அந்தத் தேத்தண்ணியை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மாமா இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இளவட்டமாக இருந்தபோது, உங்கள் நாடு இந்தியா என்று சொல்லிக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். என் அம்மாவும் அதே கப்பலில் வந்தவர்தான். வந்த சூட்டோடு அம்மா லைன் வாசலில் பீன்ஸ் ஊன்றினார். மாமா ஊன்றவில்லை. அங்கே இருந்தவரை இந்தியாவை ‘ஊர்’ என்று சொன்ன ஜனங்கள், இங்கே வந்ததும் இலங்கையை ‘ஊர்’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மற்றவர்களுக்கு அது பேச்சு. மாமா அதை நம்பினார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க மாட்டார், ஆணி அடிக்க விட மாட்டார். சாமி படங்கள்கூடத் தகரப் பெட்டிமேல் சாய்ந்தபடிதான் இருந்தன. பாய், தலையணை, சமையல் சட்டிகள் போக மிச்சமெல்லாம் மூட்டையில் கிடந்தது. அத்தை கோழி வளர்க்கக் கேட்டாலும் ஒரே பதில்தான்: “நாம ஊருக்குப் போற ஆளுக. கோழிய யாருகிட்ட குடுத்துட்டுப் போற?”

அவர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கடைவீதியில் எங்களுக்குப் பெயர் சிலோன்காரங்க. இங்கேயே பிறந்த எனக்கும் அதே பெயர்தான். எதைச் செய்தாலும் வந்தேறிகள் என்ற பார்வை. கோபம் வரத்தான் செய்யும். ஆனால் என் அம்மாவுக்கும் அந்தக் கோபம் இருந்தது, அவர் அதோடு சேர்த்து பீன்ஸும் பறித்தார். மாமாவின் கோபம் அவரை ஒன்றும் செய்யவில்லை. கொழுந்து பறித்துவிட்டு வருகிற அத்தையைத்தான், உட்கார ஒரு பலகைகூட வாங்க முடியாத வீட்டில் ஆயுசுக்கும் குந்த வைத்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும், அல்லது பிள்ளைகளில் ஒருவர் எஸ்டேட் வேலைக்கு வர வேண்டும். மாமாவின் ஒரே மகன் கோயம்புத்தூருக்குப் போய்விட்டான். ஓய்வுக்குச் சில வருஷம் முன்னால், வெளியே வீட்டுமனை தருகிறோம், வேண்டியவர்கள் பெயர் கொடுங்கள் என்று ஒரு திட்டம் வந்தது. லைன் முழுக்க ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தது. மாமா கொடுக்கவில்லை. பெயரைக் கொடுத்தால் ஊர் விட்டுப்போயிற்று என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி என்றார். அத்தை அன்றைக்கு ஒருநாள்தான் அவரோடு சண்டை போட்டார். அடுப்பு மூட்டவில்லை. மறுநாள் மூட்டிவிட்டார்.

பெயர் கொடுத்தவர்கள் வீடு கட்டிப் போனார்கள். மாமாவும் அத்தையும் அருவங்காட்டில் ஒரு மாடி அறைக்கு வாடகைக்குப் போனார்கள். படிக்கட்டில் ஒரு துளசித் தொட்டி வைக்க அத்தை கேட்டிருக்கிறார். வீட்டுச் சொந்தக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. மாமாவுக்கு அதில் வருத்தமே இல்லை என்று அத்தை என்னிடம் போனில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான் கட்டிக்கொண்டது அந்த மாமாவின் மகனைத்தான். கண்ணைத் திறந்துகொண்டே விழுந்த பள்ளம் என்று என் தோழிகள் கேலி செய்வார்கள். நர்ஸ் வேலை கிடைத்து நான் அயர்லாந்துக்குப் போனேன், அவரும் வந்தார். வந்த நாளிலிருந்து, “அடுத்த வருஷம் போயிரலாம்.” மகளுக்கு அவள் அறைச் சுவரில் மஞ்சள் அடிக்க ஆசை. அடுத்த வருஷம் போகிறோமே, எதற்கு? ஜன்னலுக்கு நல்ல திரை, எதற்கு? அங்கே பிறந்து, அங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, நாம் எப்போது போகிறோம் என்று கேட்டே வளர்ந்தாள்.

மூன்று வருஷம் முன்னால் அத்தை ஆஸ்பத்திரியில் இறந்தார். நாங்கள் பறந்து வந்து சேர்ந்தபோது வீட்டுக்காரர் எங்களுக்காகக் கீழே காத்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினார்.

“ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. நாலு பேர் குடியிருக்கற ஊடு. பொணத்த இங்க கொண்டாராதீங்க. அப்புறம் யாருமே வாடகைக்கு வரமாட்டாங்க.”

ஒரு பெண்ணை வாசலில் கிடத்தி, குளிப்பாட்டி, கோடி போர்த்தி அனுப்புவதுதான் எங்கள் வழக்கம். அத்தைக்கு வாசல் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் நேரே சுடுகாட்டுக்குப் போனோம். தூறிக்கொண்டிருந்தது. வேனின் பின்கதவைத் திறந்து வைத்து, உள்ளே கிடந்த அத்தையின் கையில் வெற்றிலையும் காசும் வைத்தோம். குளிப்பாட்ட முடியவில்லை. அவருடைய நெற்றியை என் முந்தானையை நனைத்துத் துடைத்தேன். மாமா குடைக்குள் நின்றார். அன்றைக்கு அவரை நான் வெறுத்தேன். சாவு வீட்டில் வருகிற கோபம், ஆறிவிடும் என்றார்கள். ஆறவில்லை.

இந்தக் கோடை விடுமுறையில் முடிவெடுத்தாக வேண்டியிருந்தது. அயர்லாந்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டை விற்கப் போகிறார்கள். வாங்குகிறீர்களா என்று எங்களிடம்தான் முதலில் கேட்டிருந்தார்கள். வாங்கினால் அங்கேயே இருப்பது என்று அர்த்தம், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். என் கணவர் அப்பாவிடம் கேட்க வேண்டும் என்றார். எல்லாரையும் விட்டுவிட்டு, யோசனை கேட்க இவருக்குக் கிடைத்த ஆளைப் பாருங்கள்.

அருவங்காட்டு அறையில் மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நாற்காலி இல்லை, நாங்கள் தரையில் உட்கார்ந்தோம். மகன் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு மகனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“அங்கிட்டு வீடு வாங்கினா அந்த ஊர்க்காரனாகிருவான். அப்புறம் என் வாசப்படிய மிதிக்கக் கூடாது. சொல்லிட்டன்.”

என் கணவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலைப் பார்த்ததும் இத்தனை வருஷம் அடக்கி வைத்தது வாய்க்கு வந்துவிட்டது.

“எந்த வாசப்படிங்க மாமா? அத்தையக் கெடத்த எடமில்லாம வேன்லயே வச்சு அனுப்புனமே, அந்த வாசப்படியா?”

“அவ கேட்டா, நான்தான் குடுக்கல” என்றார் மாமா. மனையைச் சொன்னாரா, கோழியைச் சொன்னாரா, தெரியவில்லை. மன்னிப்பாக அதை எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியவர் நான் இல்லை.

காரில் மலை இறங்கி வரும் வழியில், பர்லியாறு தாண்டி வெயில் முகத்தில் அடித்தபோது, என் கணவர் மெல்ல ஆரம்பித்தார். அப்பாவுக்கும் வயசாகிவிட்டது, இன்னும் ஒரு வருஷம் பொறுத்துப் பார்க்கலாமே என்றார். பின் சீட்டில் மகள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நீங்க எத்தன வருஷம் வேணாலும் பொறுங்க மச்சான். நானும் பாப்பாவும் பொறுக்க மாட்டோம்” என்றேன்.

கோயம்புத்தூர் விமான நிலைய வாசலில் நின்று, அயர்லாந்து வீட்டை வாங்கிக்கொள்கிறேன் என்று அதன் சொந்தக்காரரிடம் போனில் சொல்லிவிட்டேன். அவர் பக்கத்தில்தான் நின்றார், தடுக்கவில்லை, சேரவும் இல்லை. வீடு இப்போது என் பெயரில் மட்டும் இருக்கிறது. மாமா எங்களோடு பேசுவதில்லை. நானும் கூப்பிடவில்லை. என் கணவர் இன்னும் அடுத்த வருஷம் என்றுதான் சொல்கிறார், மகள் முன்னால் மட்டும் சொல்வதில்லை. அவருக்கும் ஒரு சாவி செய்து கொடுத்திருக்கிறேன். குடியிருக்க வருகிறாரா, தங்கிப்போக வருகிறாரா என்று நான் கேட்கப் போவதில்லை.