வெளியே நின்று நான் ஜெயித்த ஆட்டம்

எங்கள் அத்தை மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தை நான்குக்கு மூன்று என்று ஜெயித்ததற்கு முழுக்காரணம் நான்தான். நான் என்ன செய்தேன் என்றால், ஒன்றுக்குப் போனேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பெரியப்பா நாமக்கல்லில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில், கோலால் பந்தைக் குழியில் தள்ளி ஆடும் பூல் மேசைகள் நான்கு போட்டு கிளப் நடத்திக்கொண்டிருந்தார். முட்டை வண்டிக்காரர்களும் லாரிப் பட்டறைக்காரர்களும் வந்து ஆடுவார்கள். கல்லாவில் உட்கார வைத்த தங்கை, ஆளில்லாத மதியங்களில் கோலை எடுத்துத் தானாகவே ஆடிப் பழகியது அவருக்கு வெகுநாள் தெரியாது. தெரிந்தபோது அந்த ஊரில் அத்தையை ஜெயிக்க ஆளில்லை.

அப்படியே போய்ப் போய், சேலத்தில் நடந்த மாநிலப் பெண்கள் போட்டியில் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டாள். ஜெயித்தால் சென்னைக்குப் போய்ப் பயிற்சி. தோற்றால் கோலைப் பரணில் போட்டுவிட்டு பி.எட். சேர வேண்டும். இதுதான் வீட்டில் பேச்சு. பி.எட். விண்ணப்பத்தை அப்பாவே வாங்கிப் பூர்த்தி செய்து, அத்தையின் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தார். அவ்வளவு நம்பிக்கை தங்கையின் மேல்!

ஏழு ஆட்டங்களில் யார் முதலில் நான்கு ஜெயிக்கிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. எதிரில் ஆடியது ஜலகண்டாபுரத்துப் பெண், நீலக் கோட்டு, ஒற்றைச் சடை. குனிந்தால் பந்து குழிக்குள். முதல் மூன்று ஆட்டங்களும் அவளுக்கே போயின. அத்தை பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கைதான் பார்த்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். விண்ணப்பம் அதில்தான் இருந்தது என்று இன்றும் சந்தேகப்படுகிறேன்.

இரண்டு பாட்டில் சோடா குடித்திருந்த நான் நான்காம் ஆட்டம் தொடங்கும்போது எழுந்து போனேன். திரும்பி வந்தால், அத்தை ஜெயித்துவிட்டாள்! என் கண்ணையே நம்ப முடியவில்லை. ஐந்தாவது ஆட்டத்திலும் அவள் கைதான் மேலோங்கி இருந்தது. நான் ஓடிப்போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த நொடியில், அத்தை அடித்த வெள்ளைப் பந்து தானே போய்க் குழியில் விழுந்தது. அது விழுந்தால் தப்பு, முறை எதிராளிக்குப் போய்விடும்.

பெரியப்பா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

பெரியப்பா பகுத்தறிவுக்காரர். அன்று காலையில்தான், ராகுகாலம் முடிந்து கிளம்பலாம் என்ற அம்மாவை அரைமணி நேரம் கேலி செய்திருந்தார். அவர் என் காதருகே குனிந்து சொன்னார்: "சாமி, நீ செத்த நேரம் வெளியில போய் நில்லு கண்ணு. இது சகுனமெல்லாம் இல்ல. சும்மா, ஒரு இதுக்கு."

வெளியே, படிக்கட்டுப் பக்கம், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மஞ்சள் பையோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே யார் ஆடுகிறார்கள் என்று கேட்டார். எங்கள் அத்தை என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்.

"தோத்துட்டா எங்கத்தை பி.எட். சேரோணுங்க. அப்பா பாரங்கூட எழுதி வெச்சுட்டாருங்க."

"எல்லா ஊட்டுலயும் ஒரு பாரம் எழுதித்தான் வெச்சிருக்காங்க சாமி" என்று சிரித்தார்.

"நீங்க ஏனுங்க வெளியில நிக்கறீங்க?"

"நான் உள்ள இருந்தா சரிப்பட்டு வராது சாமி."

ஏசி ஒத்துக்கொள்ளாது போல என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் மாமா ஒருவருக்கும் அப்படித்தான், உடனே தும்மல் வந்துவிடும்.

உள்ளே கைதட்டல் கேட்டது. அப்பா கதவை இடுக்காகத் திறந்து இரண்டு விரலைக் காட்டினார். நான் குதித்தேன். கொஞ்ச நேரத்தில் மூன்று விரல்! மூன்றுக்கு மூன்று! ஒவ்வொரு தடவையும் அந்த வெள்ளைச் சட்டைக்காரரிடம்தான் ஓடினேன், வேறு யார் இருந்தார்கள்? அவரும் "அட, பரவால்லையே" என்றார்.

கடைசி ஆட்டத்தில் என்னால் முடியவில்லை. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. 'டக்' என்று பந்தில் பந்து மோதும், பிறகு அமைதி. சகுனமாவது மண்ணாவது என்று கதவுப் பிடியில் கை வைத்துவிட்டேன்.

"வேண்டாம் சாமி" என்றார் அவர். "இத்தன நேரம் பொறுத்துட்ட. இப்ப நீ உள்ள போயி, ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா, காலத்துக்கும் மனசு கெடந்து அடிச்சுக்கும். இப்படி வா."

பையிலிருந்து கடலை மிட்டாய் எடுத்துப் பாதி உடைத்துக் கொடுத்தார். மீதிப் பாதியை அவர் தின்னவில்லை, காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார். படியில் இருவரும் உட்கார்ந்தோம்.

அந்த நேரத்தில் உள்ளே நடந்ததைப் பெரியப்பா இன்றும் விசேஷ வீடுகளில் எலுமிச்சம்பழங்களை உருட்டி நடித்துக் காட்டுவார். நீலக் கோட்டுக்காரிக்குப் பாக்கி, கடைசியாகத் தள்ள வேண்டிய கறுப்புப் பந்து ஒன்றுதான். அத்தைக்கு இன்னும் ஐந்து பந்துகளும், அதற்குமேல் அந்தக் கறுப்பும். நீலக் கோட்டுக்காரி அடித்த கறுப்பு குழியின் வாயில் போய் நின்றுவிட்டது. அத்தை எழுந்தாள். ஐந்தையும் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிவிட்டுக் கடைசியில் கறுப்பையும் தள்ளினாள்.

எனக்குக் கேட்டது கைதட்டல் மட்டும்தான். மாடியே இடிந்து விழுகிற மாதிரி. அப்பா இந்தத் தடவை கதவை முழுசாகத் திறந்து நான்கு விரலைக் காட்டினார்.

"எங்கத்தை ஜெயிச்சுட்டாங்க! எங்கத்தை ஜெயிச்சுட்டாங்க!" நான் அந்த வெள்ளைச் சட்டைக்காரரின் இடுப்பைக் கட்டிக்கொண்டு குதியோ குதி என்று குதித்தேன். அவர் என் தலையில் கை வைத்தார். "நல்லாருக்கட்டும் சாமி" என்றார்.

உள்ளே ஓடப் போனவள், நீலக் கோட்டுப் பெண் வெளியே வருவதைப் பார்த்து ஒதுங்கி நின்றேன். வெள்ளைச் சட்டைக்காரர் போய் அவள் தோளிலிருந்த கோல் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். மடித்து வைத்திருந்த பாதி மிட்டாயை நீட்டினார். அவள் வாங்கவில்லை. "போலாம்ப்பா" என்றாள்.

தோற்ற பெண்ணுக்குக்கூட ஓடிப்போய் ஒத்தாசை செய்கிறாரே, எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன். அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, அவரையும் நம்மோடு பிரியாணி சாப்பிடக் கூப்பிடலாம் என்று சொன்னேன். அப்பா படியில் இறங்கிப் போகிற அந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே நின்றார். இவ்வளவு சந்தோஷமான நேரத்தில் அவர் ஏன் அப்படி நிற்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது.