கூடத்துக்கு வந்த கடல்

இடுப்பெலும்பு முறிந்து பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரம், மரக்காணத்தில் எங்கள் தெருவே என் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. ஒரு மாதம் போனதும் யாரும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. படுத்துக் கிடப்பவளிடம் எத்தனை நாள்தான் "வலி எப்படி இருக்குது" என்று கேட்பார்கள்?

அது 2005 கடைசி, மழை ஓய்ந்திருந்த சமயம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பேச ஆள் இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. என் கணவர் நேர்மாறு. உப்புக் கம்பெனி ஆபீஸில் வேலை பார்த்த காலத்திலும் 'ம்', வீட்டிலும் 'ம்'. நான் விழுந்த பிறகு சமைத்தார், தாங்கிப் பிடித்து நடக்க வைத்தார். பேச்சு மட்டும் வரவில்லை.

"ஏங்க, இந்த ஃபேனையே பாத்துப் பாத்து பைத்தியம் புடிச்சிடும் போல இருக்குது. வெளியில என்னதான் நடக்குதுன்னாவது சொல்லுங்களேன்" என்று ஒருநாள் அழுதுவிட்டேன்.

சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகன் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, வீடியோவும் எடுக்கும் தன் பழைய டிஜிட்டல் கேமராவை எங்களிடம் விட்டுப்போயிருந்தான். மறுநாள் விடிந்ததும் என் கணவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் கிளம்பினார். திரும்பி வந்து டிவியில் ஒயரைச் செருகினார்.

முதலில் தெரிந்தது அவருடைய செருப்பு. அப்புறம் சாய்வாகக் கொஞ்சம் வானம். பிறகு திடீரென்று கழுவெளி ஏரி! உப்பளங்களுக்கு அப்பால் விரிந்து கிடந்த தண்ணீரில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. ஒன்று அடுத்ததன் மேல் தண்ணீரைத் தெளித்துவிட, அது கோபித்துக்கொண்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

அந்தச் சத்தம் கேட்டு எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். உப்பளத்தில் உழைத்து முட்டி தேய்ந்தவர்; மகள்களைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார்.

"என்னா டீச்சர், என்னா படம்?"

"நம்ம ஏரிதாம்மா. வாங்க, ஒக்காருங்க."

உட்கார்ந்தவர் காபி குடித்துவிட்டுத்தான் எழுந்தார். மறுநாள் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தார். ஒற்றைக் காலில் நின்ற பறவை தூங்குகிறதா, மீன் பார்க்கிறதா என்று அவர்களுக்குள் பெரிய சண்டை. என் கணவரிடம் தீர்ப்புக் கேட்டார்கள். அவர் வெட்கப்பட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். ஆனால் அடுத்த நாள் அதே இடத்துக்குப் போய், இன்னும் கிட்டத்திலிருந்து எடுத்து வந்தார்.

பொங்கல் நெருங்கும்போது எங்கள் கூடத்தில் நாற்காலி போதவில்லை. தெருவில் வயதான அத்தனை பேரும் சாயங்காலம் வந்துவிடுவார்கள். ஒருவருக்குப் பெருமுக்கல் மலை உச்சி வேண்டும், இன்னொருவருக்கு இரும்பைக் கோயில் பக்கத்து மரங்கள் வேண்டும். எல்லாவற்றையும் அவர் எடுத்து வந்தார்.

பாய் வீட்டு அம்மா மட்டும் எதுவும் கேட்டதில்லை. பக்கத்துக் கடலோர ஊரான கூனிமேட்டில் பிறந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டவர். சுனாமிக்குப் பிறகு பிறந்த ஊர்ப் பக்கமே போகவில்லை. டிவியில் அலை தெரிந்தால் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார். ஒருநாள் எல்லாரும் போன பிறகு தயங்கி நின்றார்.

"அண்ணே, எங்க ஊர்க் கடலு இப்ப எப்படி இருக்குதோன்னு... வேணாம், வுடுங்க."

"எடுத்துட்டு வர்றேம்மா" என்றார் என் கணவர்.

மறுநாள் சாயங்காலம் திரையில் வெறும் மணல் தெரிந்தது. கூடவே ஒரு குரல் கேட்டது. அதுவரை எந்தப் படத்திலும் அவர் பேசியதே இல்லை.

"பயப்படாதம்மா. மொதல்ல மணலத்தான் காட்டறேன். இதோ, ஒங்க ஊரு படகு. இப்ப மெதுவா கடல் பக்கம் திரும்பறேன். பாக்க முடியலன்னா கண்ண மூடிக்க. அலை சின்னதாத்தான் வருது. நான் தண்ணியிலதான் நிக்கிறேன். ஒண்ணும் ஆவல, பாரு."

பாய் வீட்டு அம்மா என் கையை நசுக்கிப் பிடித்திருந்தார். முகத்தை மூடவில்லை. கண்ணீர் வழிய வழியப் பார்த்து முடித்துவிட்டு, "இன்னொருவாட்டி போடுங்கண்ணே" என்றார்.

அதுவும் முடிந்ததும் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், ஒருநாள் போலாமா?"

"ஒருநாள் என்னா, வர்ற ஞாயித்துக்கெழமையே போறோம்" என்றார் எதிர்வீட்டு அம்மா.

வேன் பிடித்துப் போனோம். என் வாக்கர் மணலில் புதைந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு எதிர்வீட்டு அம்மாவும் இன்னொருவரும் ஆளுக்கொரு பக்கம் என் தோளைத் தாங்கினார்கள். ஈரமணலில் என் பாதம் பட்டபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. பாய் வீட்டு அம்மா எங்களைத் தாண்டிப் போய்த் தண்ணீருக்குள் நின்றார். அலை கணுக்காலை மூடியது. அவர் அசையவில்லை. "வந்துட்டேன்!" என்று கடலைப் பார்த்துக் கத்தினார். நாங்கள் கைதட்டினோம், விசிலடித்தோம். அந்த வயதில் எங்களில் இத்தனை பேருக்கு விசிலடிக்கத் தெரியும் என்று அன்றுதான் தெரிந்தது.

என் கணவரைத் தேடினேன். கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டு, வலை உதறிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இங்க வாங்க!"

"இரு, பேசிக்கிட்டு இருக்கேன் இல்ல!" என்று அங்கிருந்தே அதட்டினார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.